சாம்பல் புதன் மேட்னி

சினிமாதான் விக்டரைக் கொன்றது என்று ஊரில் சொன்னார்கள். அந்தச் சினிமாவையே படிக்க விக்டர் மகன் ரோச் தூத்துக்குடிக்குக் கிளம்பியபோது, பையனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றும் சொன்னார்கள். ஊர் வாய்க்கு என்ன, மூட உலைமூடியா இருக்கிறது? ரோச்சுக்குப் புத்தி ஒன்றும் கலங்கவில்லை. மூன்று வருஷமாக அது ஒரே ஆள்மேல் குத்திட்டு நின்றது. அந்த ஆள் உபதேசியார் ஹென்றி.

துறைமுகத்துக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி நாலு மைலில் இருக்கிறது அந்த ஊர். முழுக்கக் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். பங்குச் சாமியார் மாதத்தில் பாதி நாள் வேறு ஊர்க் கோவில்களுக்குப் போய்விடுவார். செபம் சொல்வது, மணி அடிப்பது, கோவில் சாவி, ஊர்க் கமிட்டி எல்லாம் உபதேசியார் கையில். ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் நாற்பது நாளும் யாரும் சினிமாவுக்குப் போகக்கூடாது என்பது ஊர்க்கட்டு. போனவன் வெள்ளிக்கிழமை பதினாலு நிலைச் சிலுவைப்பாதைச் செபம் முடியும்வரை கோவில் வாசலில் மரச்சிலுவையைத் தோளில் வைத்து முட்டி போட வேண்டும். சின்னப் பயல்கள் போட்டிருக்கிறார்கள். தலை நரைத்த மனுஷர்கள் போட்டதில்லை, ஏனென்றால் அவர்கள் மாட்டிக்கொண்டதில்லை.

விக்டர் மாட்டிக்கொண்டார். கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல் அவர். எழுபத்தைந்தாம் வருஷம் தபசுகாலத்தில் டவுனில் ஒரு புதன்கிழமை மத்தியானம் படம் பார்த்தார். மறுநாள் கமிட்டி கூடியது. ஹென்றி எழுந்து சாட்சி சொன்னார்.

"ரோட்டுல சைக்கிள்ல போயிட்டிருந்தேன். நம்ம தண்டல் டிக்கெட் எடுக்கத என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

விக்டர் மறுக்கவில்லை. ஆனால் முட்டி போட மாட்டேன் என்றார். "பாவம்னா சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிடுதேன். உங்க முன்னால முட்டி போட மாட்டேன்."

"ரோசத்தப் பாத்தியளா?" என்று ஹென்றி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "அங்கன உக்காந்து துண்ட வாயில திணிச்சுக்கிட்டு பொம்பள மாதிரி அழுதாரு. அப்ப எங்க போச்சு இந்த ரோசம்?"

கூட்டமும் சிரித்தது. விக்டரை ஊர் விலக்கி வைத்தது. அவர் தோணியில் ஏற ஒரு ஆள் வரவில்லை. அடுத்த வருஷம் காய்ச்சலில் செத்துப்போனார். சாவுக்கு அடிக்கிற துக்கமணியை அடிக்கக் கமிட்டி உத்தரவு இல்லை என்று ஹென்றி மணிக்கூண்டைப் பூட்டிச் சாவியை மடியில் சொருகிக்கொண்டார். டவுனிலிருந்து வந்த மூன்று தோணித் தொழிலாளர்களும், பதினேழு வயது ரோச்சும் பெட்டியைத் தூக்கினார்கள். அம்மா பிலோமினா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதால் அதையும் நாளைக்கு எவனாவது கூட்டத்தில் நடித்துக் காட்டுவான் என்று நினைத்தாளோ என்னவோ.

எழுபத்தெட்டு ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுவாரம், டவுனில் சாமியார்கள் நடத்திய கல்லூரியொன்றில் ஆறு மாதச் சினிமா வகுப்பு புதிதாகத் தொடங்கியது. பதினாலு மாணவர்கள், ஒரே ஒரு கேமரா. சாவி கொடுத்தால் அரை நிமிஷம் ஓடுகிற பதினாறு எம்.எம். கேமரா. சத்தம் பதியாது. முதல் நாள் அதைத் தொட்டுப் பார்க்கக்கூட யாரையும் விடவில்லை. முதல் வாரம் முழுக்கக் காலி டப்பாவில் பழைய சுருளை இருட்டில் மாட்டிக் கழற்றுவதே பாடம். எஸ்றா என்கிற நாசரேத்துப் பையன் நாலு தடவை விரலை நசுக்கிக்கொண்டான்.

எஸ்றாவின் அப்பா வாத்தியார். மகன் பி.எஸ்ஸி. படிப்பதாகத்தான் அவருக்கு நினைப்பு. வாரம் ஒரு கடிதத்தில் தாவரவியல் பற்றி ஏதாவது எழுதி அனுப்புவான். சாத்தான்குளத்து ஜீவமணி அப்படியில்லை. வகுப்பில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி. வீட்டில் மூன்று நாள் பட்டினி கிடந்து அனுமதி வாங்கி வந்தவள். முதல் நாள் எஸ்றா அவளை "ஏளா" என்று கூப்பிட்டுவிட்டான்.

"இன்னொரு தடவ ஏளான்னா செருப்பு பிஞ்சிரும்" என்றாள்.

அதிலிருந்து மூன்று பேரும் சிநேகிதர்கள். ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டுவதற்கும், சனிக்கிழமை ஹாலில் போடுகிற படத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பதற்கும் மூன்று வாய் தேவைப்பட்டது. அப்பா செத்த பிறகு ரோச் வாய்விட்டுச் சிரித்தது அந்த வாரங்களில்தான். சிரித்துவிட்டு உடனே வெட்கப்படுவான், யாரையோ ஏமாற்றிவிட்டதைப் போல.

இரண்டாம் சனிக்கிழமை படம் முடிந்து டீக்கடையில் நின்றபோது எஸ்றாவும் ஜீவமணியும் வழக்கம்போலச் சண்டை போட்டார்கள். கதாநாயகன் வீட்டைவிட்டுப் போகிறான், அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுகிறாள், அவன் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போகிறான். எஸ்றா அந்தக் கட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டானாம். ஜீவமணி விடவில்லை.

"தப்பா எடுத்திருக்காங்க. அவன் அவ முதுகுக்குப் பின்னால நிக்கான். நமக்குக் காட்டுதது அவ முகத்த. முகத்தப் பாக்கணும்னா சுவருக்கும் அவளுக்கும் நடுவுலல்லா நிக்கணும்? பாத்தேன்னு ஒருத்தன் சொன்னா, எங்க நின்னு பாத்தான்னு கேக்கணும்."

ரோச் டீயைக் குடிக்காமல் நின்றான்.

"என்னலே, ஈ விழுந்துட்டா?" என்றான் எஸ்றா.

ஈ விழவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய கமிட்டிக் கூட்டம் காதில் விழுந்துகொண்டிருந்தது. ரோட்டில் சைக்கிளில் போனவன் டிக்கெட் எடுப்பதைப் பார்க்கலாம். கொட்டகைக்குள்ளே, விளக்கணைந்த பிறகு, துண்டை வாயில் திணித்து அழுததை எங்கே நின்று பார்த்தான்? அத்தனை பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஒருத்தன், ஒரே ஒருத்தன் இதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய மகனும் கேட்கவில்லை. அவனும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றான். அன்றைக்குத்தான் இரண்டு சிநேகிதர்களிடமும் அப்பாவின் கதையை முழுதாகச் சொன்னான். எஸ்றா, "அவன் பல்லப் பேக்கணும்லே" என்றான்.

பல்லைப் பேர்க்க வேறு வழி தானாக வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை டவுன் சுவரெல்லாம் ஒரு பழைய படத்தின் போஸ்டர். புதிய காப்பி என்று போட்டிருந்தது. விக்டர் பார்த்த அதே படம். வெகுநாள் கழித்து வீடு திரும்புகிற கப்பல்காரனைப் பார்த்துச் சொந்த மகள், "யார் வேணும்?" என்று கேட்கிற படம். அதே வாரத்தில் வகுப்பில் முதல் பயிற்சியும் கொடுத்தார்கள். மூன்று பேருக்கு ஒரு நூறடிச் சுருள், ரெண்டே முக்கால் நிமிஷம். பொருள்: கூட்டம்.

"கொட்டக விட்டு வார கூட்டம்" என்றான் ரோச். "வார புதன்கிழம, மேட்னி விடும்போது."

"ஏன் புதன்?" என்று கேட்டாள் ஜீவமணி.

புதன்கிழமைதோறும் ஹென்றி சைக்கிளில் டவுனுக்கு வருவார். பூசைக்கு வேண்டிய நன்மை அப்பம் கன்னியர் மடத்தில் சுட்டுத் தருவார்கள். அதைத் தகர டப்பாவில் வாங்கிக்கொண்டு பொழுது சாயத்தான் திரும்புவார். கன்னியர் மடத்தில் அப்பம் வாங்க ஐந்து நிமிஷம் ஆகாது. மிச்சப் பொழுது எங்கே போகிறது என்று ரோச்சுக்கு இப்போது தெரிந்திருந்தது. அதோடு வருகிற புதன், தபசுகாலம் தொடங்குகிற சாம்பல் புதன்.

"இது பயிற்சியா, பழியா?" என்றாள் ஜீவமணி.

"ரெண்டுந்தான். இஷ்டம் இல்லன்னா சொல்லு."

"இஷ்டம் இல்லன்னு யாரு சொன்னா? வெளிச்சம் பாத்து நில்லு. சாயங்காலம் வெயில் வாசல்ல நேரா விழும்."

சாம்பல் புதன் காலைப் பூசையில் கத்தோலிக்கர் எல்லார் நெற்றியிலும் சாமியார் சாம்பலால் சிலுவை வரைவார். மனுஷன் மண்ணாவான் என்பதற்கு அடையாளம். அதை யாரும் கழுவுவதில்லை, தானாக அழியவிட வேண்டும். ஹாஸ்டல் கோவிலில் ரோச்சும் பூசிக்கொண்டுதான் கிளம்பினான். கொட்டகைக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை வாசலில் கேமராவை முக்காலியில் ஏற்றினார்கள். எஸ்றா பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிற பயல்களை விரட்டினான். ஜீவமணி தூரத்தை நாடாவால் அளந்து லென்ஸைத் திருகினாள். ரோச் கண்ணை வைத்தான்.

ஐந்தரைக்கு மணி அடித்துக் கதவு திறந்தது. ஜனம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தது. ஒரு சாவி ஓட்டம் முடிந்தது. மறுபடி சாவி கொடுத்தான். இரண்டாவது ஓட்டமும் முடிந்தது. வராமல் போய்விடுவானோ என்று நினைத்துக்கொண்டே ரோச் மறுபடி சாவி கொடுத்தான். மூன்றாவது ஓட்டத்தில் வந்தார். துண்டைத் தலையில் போட்டுப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தார். கையில் தகர டப்பா. மூக்கும் மீசையும்தான் தெரிந்தன. அது ஹென்றி என்று ரோச் அடித்துச் சொல்வான். ஊர் ஒத்துக்கொள்ளுமா?

அப்போது ஹென்றி கேமராவைப் பார்த்தார்.

ஓடியிருக்க வேண்டும். வேறு எவனாக இருந்தாலும் ஓடியிருப்பான். ஆனால் இருபது வருஷமாகப் புதன்கிழமை தவறாமல் படம் பார்த்தவருக்கு, தெருவில் ஒரு கேமரா நிற்பதைப் பார்த்ததும் கால் நகரவில்லை. மெட்ராஸிலிருந்து படம் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். கேமராவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த முகம் யாருடையது என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. துண்டை எடுத்தார். பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினார். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு தடவை இப்படியும் ஒரு தடவை அப்படியும் மெதுவாக நடந்தார். நெற்றியில் சாம்பல் சிலுவை பளிச்சென்று இருந்தது. பின்னால் போஸ்டர்.

கேமரா கிர்ரென்று ஓடியது. நிற்க நிற்கச் சாவி கொடுத்து, சுருள் தீருகிறவரைக்கும் ரோச் கண்ணை எடுக்கவில்லை. ஹென்றியைத் தவிர அந்தக் கட்டத்துக்குள் அவன் எதையும் பார்க்கவும் இல்லை.

சுருளைக் கழுவ மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். தபசுகாலத்து ஞாயிறுகளில் கல்லூரிச் சாமியார் புரொஜெக்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இயேசுவின் பாடுகளைப் பற்றிய படம் காட்டுவார். அதற்கு முன்னால் மாணவர்களின் பயிற்சிப் படமும் ஓடும். முதல் தடவை ஜனங்களோடு சேர்ந்துதான் பார்க்க வேண்டும், தனியாகப் போட்டுப் பார்க்கக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். தன் ஊருக்கு வரச்சொல்லி ரோச்தான் கேட்டான். "நல்ல பையன், ஊர்ப்பாசம்" என்று அவர் தட்டிக்கொடுத்தார். ரோச் தலையைச் சொறிந்தான்.

சுருள் கழுவி வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கோவில் பள்ளிக்கூட ஹாலில் ஜன்னலெல்லாம் தோணிப் பாயைக் கட்டி இருட்டாக்கினார்கள். ஊரே உள்ளே இருந்தது. முன்வரிசை நாற்காலியில் பங்குச் சாமியார், பக்கத்தில் ஹென்றி. பெண்கள் பக்கத்தில் அம்மாவைப் பார்த்து ரோச்சுக்கு ஆச்சரியம். விலக்கம் வந்ததிலிருந்து கூட்டம் கூடுகிற எந்த இடத்துக்கும் அவள் வந்ததில்லை. இன்றைக்கு முதல் பெஞ்சில் நட்டநடுவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

எஸ்றா புரொஜெக்டரைத் தட்டினான். திரைக்குக் கட்டிய வெள்ளைப் பாயில் கொட்டகை வாசல் தெரிந்தது. கூட்டம் வந்தது. பிறகு ஹென்றி வந்தார், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக. துண்டை எடுத்தார். தலையை வாரினார்.

ஹால் கைகொட்டி ஆர்ப்பரித்தது. "ஏலே, நம்ம உபதேசியாருலே!" "படத்துல நடிச்சிருக்காருலே!" ஒருத்தன் விசில் அடித்தான். புரொஜெக்டர் பக்கம் நின்ற ரோச் கூட்டத்தை மாறி மாறிப் பார்த்தான். இவ்வளவு பாடுபட்டு எடுத்தது இதற்கா? ஹென்றியே ஒரு நொடி பல்லைக் காட்டிவிட்டார்.

"நெத்தியப் பாருங்க!" என்று கத்தினான் ரோச். "எல்லாரும் நெத்தியப் பாருங்க! அது என்னைக்கு வச்ச சாம்பல்?"

விசில் நின்றது. பாயில் ஹென்றி டப்பாவை அணைத்துக்கொண்டு மறுபடி நடந்து வந்தார். அந்த டப்பாவை ஊரில் தெரியாதவர் இல்லை. நெற்றிச் சிலுவையைக் கண்ணில்லாதவனும் பார்த்திருப்பான்.

அந்த நேரத்தில்தான் ரோச் அதைப் பார்த்தான். ஹென்றியின் தோளுக்குப் பின்னால், பெண்கள் வாசலிலிருந்து முக்காடு போட்ட ஒருத்தி வெளியே வருகிறாள். நிற்கிறாள். முக்காட்டை விலக்கிக் கேமராவை நேராகப் பார்க்கிறாள். அவள் நெற்றியிலும் சாம்பல். அது அம்மா.

அவனை அறியாமல் கை நீண்டு புரொஜெக்டர் லென்ஸை மறைத்தது. பாய் முழுக்க ஐந்து விரல் கறுப்பாக விழுந்தது.

"கைய எடுலே" என்றாள் அம்மா, திரும்பாமலே.

அவன் எடுக்கவில்லை. எஸ்றா மெல்ல அவன் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினான். சுருள் ஓடி முடிந்து வால் பட்பட்டென்று அடித்தது.

யாரோ ஒரு ஜன்னல் பாயை விலக்கினார்கள். ஹென்றி குதித்து எழுந்துவிட்டார். "பாத்தியளா! விக்டர் பெண்டாட்டி! புருஷன் மாதிரியே பெண்டாட்டியும்! படம் பாத்துட்டு வாரத நானே…" அத்தோடு வாய் நின்றது. முடிக்க வேண்டிய மிச்சத்தை ஹாலில் எல்லாரும் மனசுக்குள் முடித்துக்கொண்டார்கள்.

பிலோமினா எழுந்தாள். "ஆமா சாமி, படம் பாத்தேன். எம் புருஷன் சாவுக்குக் காரணமான படம் என்னதான் படம்னு பாக்கப் போனேன். அந்தப் பிள்ள ‘யார் வேணும்’னு கேக்கும்போது எனக்கும் அழுக வந்துச்சு. ஆம்பிளையாட்கள் பக்கம் திரும்பிப் பாத்தேன். இவரும் அழுதுக்கிட்டிருந்தாரு, துண்ட வாயில வச்சுக்கிட்டு. அழாம இருந்திருந்தாருன்னா மன்னிச்சிருப்பேன். அங்கன உக்காந்தா எவனுக்கும் அழுக வரும்னு தெரிஞ்ச மனுஷன்தான், எம் புருஷன் அழுதத இந்த ஊருக்கு நடிச்சுக் காட்டுனாரு. வெளிய வந்தா எம் மகன் கேமராவ வச்சு நிக்கான். சரி, நானும் இவரோட சேந்தே விழுதேன்னு முக்காட்ட எடுத்தேன். ஊர்க்கட்டு என்னவோ அதச் செய்யுங்க. ரெண்டு பேருக்கும்."

பங்குச் சாமியார் நெற்றியைத் தடவினார். "காலம் மாறிட்டும்மா. இந்தத் தண்டனயெல்லாம் இனி வேண்டாம்னு நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எம் புருஷனுக்கு மாறலியே சாமி. எனக்கும் மாற வேண்டாம்."

விதவை ஒருத்தி தானாக முட்டி போடுகிறேன் என்று நிற்கும்போது, ஆம்பிளை மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? ஹென்றி கமிட்டிக்காரர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாரும் காலடியைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை எஸ்றாவும் ஜீவமணியும் பஸ்ஸில் வந்திறங்கினார்கள். கோவில் வாசலில் சிப்பி நொறுங்கிய மணலில் இருவரும் முட்டி போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு மரச்சிலுவை தோளில். உள்ளே வேறு ஆள் சிலுவைப்பாதை சொன்னார். பதினாலு நிலையில் ஆறாவதிலேயே ஹென்றி ஒரு கையை மணலில் ஊன்றிவிட்டார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பிலோமினாவின் முதுகு கோவில் தூணைப்போல நின்றது.

இதைத்தான் ரோச் மூன்று வருஷமாகக் கனவில் பார்த்திருந்தான். கனவில் அம்மா இல்லை. அவள் முழங்காலுக்குக் கீழே மணலில் சிவப்பு படர்வதைப் பார்த்தபோது ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் சந்தோஷம் போகவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன, ஒன்றை ஒன்று தின்னாமல்.

பதினாலாம் நிலை முடிந்தது. பங்குச் சாமியார் வெளியே வந்து, "போதும், எந்திரிங்க" என்றார். ஹென்றி சிலுவையைத் தடாலென்று கீழே போட்டுவிட்டு, தூணைப் பிடித்துப் பாதி எழுந்துவிட்டார்.

பிலோமினா அசையவில்லை. "இது நான் பாத்த படத்துக்கு ஆச்சு சாமி. அவரு பாத்த படத்துக்கு இனிமத்தான்."

அவர் என்றால் விக்டர் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் ஒருத்தரும் கலையவும் இல்லை. நூறு ஜோடிக் கண்கள் பாதி எழுந்து நின்ற மனுஷனைப் பார்த்தன. ஹென்றி ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போனார். கடைசியில் குனிந்து, கீழே கிடந்த மரத்தை எடுத்துத் தோளில் வைத்து, மறுபடி மணலில் இறங்கினார்.

"அம்மாவத் தூக்குலே, ரத்தம் வருது" என்று எஸ்றா ரோச்சின் காதில் சொன்னான்.

"இருக்கட்டும்" என்றான் ரோச். அம்மா எழும்பாமல் ஹென்றி எழும்ப முடியாது. அம்மா இப்போதைக்கு எழும்புவதாக இல்லை.